மாவுக்கட்டுக்குள் என்ன நடக்கிறது?

பையன் சுவர் ஏறிக் குதித்து, மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு வீடு வந்ததும் அம்மாவின் முதல் கேள்வி: "எலும்பு சீக்கிரம் சேர என்ன கொடுக்கலாம்?" உடனே யாராவது வைட்டமின் டி என்பார்கள். சரி, அது என்னதான் செய்கிறது?

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. பிறகு செல்கள் வந்து குவிந்து, மெத்தென்ற குருத்தெலும்பால் இரண்டு முனைகளையும் பிணைக்கின்றன. அப்புறம் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஒரு சட்டம் கட்டப்படுகிறது. கம்பி கட்டி கான்கிரீட் போடுவதுபோல, அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்தால்தான் எலும்பு. சில வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி வெண்புகைபோலத் தெரிவது அப்படிப் படிந்ததுதான். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு குழந்தைகளுக்குத் தடிமனாக இருப்பதால், இதெல்லாம் பெரியவர்களைவிட வேகமாக நடக்கும்.

வைட்டமின் டியின் முக்கியமான வேலை முறிந்த கையில் அல்ல, குடலில். அது போதாவிட்டால், சாப்பிடும் கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உடலில் சேரும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 சதவீதம். குறை நீடித்தால், ரத்தத்தில் கால்சியம் இறங்காமல் இருக்க உடல் மற்ற எலும்புகளிலிருந்து அதை எடுக்கும். பாஸ்பேட்டும் சிறுநீரில் வெளியேறும். கம்பி கட்டியாகிவிட்டது, கலவை வரவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1919இல் பெர்லினில் நடந்தது. குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு மென்மையாகிப்போன குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கொளி கொடுத்தார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும், எக்ஸ்ரேயில் இரண்டு கைகளும் தேறியிருந்தன! தோலில் உண்டான ஏதோ ஒன்று ரத்தத்தில் பயணம் செய்திருக்க வேண்டும். அது வைட்டமின் டி என்று பின்னால் தெரிந்தது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை மாற்றிய பிறகே அது முழுதாக வேலைக்கு வரும்.

ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலுக்கு இந்தப் பலன் கிடையாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கறுத்த தோலில் உற்பத்தி மெதுவாகவே நடக்கும். நாள் முழுக்க வகுப்பறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் குறை வருவதில் வியப்பில்லை.

குறை இருந்தால் ஈடுகட்டியே ஆக வேண்டும். ஏற்கெனவே போதுமான அளவு உள்ள குழந்தைக்கு இன்னும் கொடுத்தால் எலும்பு வேகமாகச் சேரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். 60,000 யூனிட் பொட்டலத்தைக் கடையில் நாமாக வாங்கித் தினமும் கொடுப்பது ஆபத்து. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவை 600 யூனிட்தான். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தாலோ, அடிக்கடி முறிந்தாலோ, வைட்டமின் டி அளவுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.