காய்ச்சல் வந்தது எந்த ஊரில்?

நீலகிரியில் நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் வேலையில் இருக்கிறேன். காய்ச்சல் நோயாளிகளின் பட்டியல் மேசைக்கு வரும்போது பெயர், வயது, முகவரி, அட்மிட் ஆன தேதி எல்லாம் இருக்கும். அதை அப்படியே வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஊட்டியும் குன்னூரும் கூடலூரும் எப்போதும் சிவந்தே இருக்கும். ஜனம் அங்கே அதிகம், அவ்வளவுதான். நூறு வீடுள்ள ஒரு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) நாலு பேர் படுத்துவிட்டால் அது பெரிய சேதி, ஆனால் படத்தில் வெறும் நாலு புள்ளி. அதனால் மக்கள்தொகையால் வகுத்துப் பார்ப்போம். அது சுலபம். நோய் தொற்றிய இடம் எது, நாள் எது என்று பிடிப்பதுதான் கஷ்டம்.

உண்ணிக் காய்ச்சல் என்று செய்திகளில் வருகிற ஸ்க்ரப் டைபஸை எடுத்துக்கொள்ளுங்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் இது வருகிறது. கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போய்விடும். அதனால் ஒரு புதர் ஓரத்தில் அது நிலைத்துவிட்டால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் இருக்காது. கடித்து 6 முதல் 21 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் அந்த ஆள் எங்கெங்கோ போய் வந்திருப்பார்.

ஒருமுறை இந்தக் காய்ச்சலோடு சில பெண்கள் வந்தார்கள். முகவரிகள் வெவ்வேறு ஊர், புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போய், “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்க வேலைக்குப் போனீங்கக்கா?” என்று கேட்டார். எல்லோரும் ஒரே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஒரே இடம், உண்ணிச்செடிப் புதரை ஒட்டிய புல்மேடு. வீட்டை விட்டுவிட்டு வேலை செய்த இடத்தில் புள்ளி வைத்ததும் அத்தனையும் ஒன்றுகூடிவிட்டன. புதரை வெட்டச் சொன்னோம், உட்காரும் இடத்தை மாற்றச் சொன்னோம்.

இது இந்த மலைக்குப் புதிதல்ல. மலேரியா கொசுவால் பரவுகிறது என்று பின்னர் காட்டிய மருத்துவர் ரொனால்ட் ராஸ், 1897-இல் ஊட்டிக்கு வந்திருந்தபோது மலேரியாவைத் தேடி ஊட்டிக்குக் கீழே உள்ள சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கினார். கொசுவலைக்குள் படுத்தும் அவருக்கே மலேரியா வந்தது. அதை ஊட்டிக் கணக்கில் எழுதியிருந்தால் நோய் இருக்கும் உயரமே தப்பாகியிருக்கும்.

அப்புறம், வரைபடம் தட்டை, மலை அப்படியில்லை. நோய் கொத்தாக வருவதைக் கண்டுபிடிக்க புள்ளியியலாளர் மார்ட்டின் குல்டார்ஃப் வகுத்த ஒரு கணக்குமுறை இருக்கிறது. மென்பொருள் ஒரு வட்டத்தைச் சிறிதும் பெரிதுமாக்கிப் படத்தின்மேல் நகர்த்தும். அந்த வட்டத்துக்குள், குறிப்பிட்ட நாட்களில், எதிர்பார்த்ததைவிட நோய் அதிகமா என்று பார்க்கும். நல்ல முறைதான். ஆனால் இங்கே அந்த வட்டம் முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கையும் அள்ளிக்கொள்கிறது. அந்தப் பக்கம் தண்ணீர் வேறு, சந்தை வேறு, பஸ்ஸே வேறு. மஞ்சள் காமாலையோ டைபாய்டோ என்றால் நான் முதலில் ஊற்றையும் ஓடையையும் வரைவேன். எந்த ஊற்றிலிருந்து எந்த லைன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு) ஓஸ் போகிறது என்று குறித்த பிறகுதான் புள்ளி. ஒரே ஓஸில் தொங்கும் வீடுகள் படத்தில் தள்ளித் தள்ளி இருந்தாலும் ஒரே கூட்டம்தான்.

நாள் விஷயத்திலும் இதே கதை. தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, கிருமி உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துத் தெரியும். நேற்றுக் குடித்த தண்ணீரைச் சோதித்துச் சுத்தமென்று நிம்மதியாக இருக்க முடியாது. போன மாதம் குழாய் எங்கே உடைந்தது என்று கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லும் பதில்தான் ஆதாரம். ஆஸ்பத்திரியில் ஆதார் முகவரியோடு நிறுத்தாதீர்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே தோட்டத்தில் வேலை செய்பவரின் அட்டையில் ஜார்க்கண்ட்தான் இருக்கும். இப்போது தங்கும் லைன், வேலை செய்யும் இடம், குடிக்கும் தண்ணீர், காய்ச்சல் தொடங்கிய நாள், கடந்த மூன்று வாரத்தில் போன ஊர்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்புக்கு அடியில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே நன்றாகக் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும்.

டூட்டி டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கேஸ் ஷீட்டில் அட்மிட் தேதிக்குப் பக்கத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் எழுதிவிடுங்கள்.