குதிகால் டெண்டானுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமான்னு கேக்குறவங்களுக்கு

போன வாரம் வேளச்சேரில இருந்து ஒருத்தர் வந்தார், காலைல பெசன்ட் நகர் பீச் பக்கம் ஓடுறவர், ஆறு மாசமா குதிகாலுக்கு மேல வலி, தூங்கி எழுந்தா முதல் நாலு அடி வைக்கவே உயிர் போகுதுங்குறார். ஒரு இடத்துல ஸ்டெம் செல், அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல், அதை ஊசியா போட்டா புது ஜவ்வே வளந்துடும்னு சொல்லி லட்சக்கணக்குல கேட்டிருக்காங்க. போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டாரே, அது போதும்.

முதல்ல அது ஜவ்வு இல்ல. எலும்போட எலும்பை கட்டுறதுதான் ஜவ்வு, சதையை எலும்போட கட்டுறது தசைநாண், அதாவது டெண்டான். கயிறு முறுக்குன மாதிரி கொலாஜன்ங்குற புரத இழை, நடுவுல செல்லும் கம்மி ரத்த ஓட்டமும் கம்மி, குதிகால் எலும்புக்கு மேல 2லேருந்து 6 செ.மீ. வரைக்கும் இன்னும் கம்மி, அதனால கிழிஞ்சா தாறுமாறான தழும்பு இழைதான் வந்து உக்காருது, பழைய பலம் வர்றதில்ல.

இதுக்குத்தான் டிஷ்யூ இன்ஜினியரிங், அதாவது ஆய்வுக்கூடத்துல திசுவை வளக்குற முயற்சி. அவரைக்கொடிக்கு பந்தல் போடுற மாதிரி கொலாஜன்லயோ பட்டு நூல்ல இருக்குற ஃபைப்ரோயின்ங்குற புரதத்துலயோ ஒரு சாரம் கட்டி அதுல செல்லை வளக்குறாங்க. ஆனா செல்லை சும்மா விட்டா அது டெண்டானா ஆகாது, மெஷின்ல வெச்சு விட்டு விட்டு இழுத்துக்கிட்டே இருக்கணும். முயலுக்கு ஸ்டெம் செல் வெச்சப்போ டெண்டானுக்குள்ள எலும்பே வளந்த கதையும் உண்டு! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்லயும், சில ரத்த நோய்களைத் தவிர மத்ததுக்கெல்லாம் ஸ்டெம் செல்லை முறையான ஆராய்ச்சிக்குள்ளதான் குடுக்கணும்னு சொல்லியிருக்கு. ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாதுங்க, அதையும் கேட்டுக்கோங்க.

மெஷின் குடுக்குற அந்த இழுவையை நம்ம மாடிப்படியே குடுக்கும். 1998ல ஸ்வீடன்ல ஆல்ஃப்ரெட்சன்ங்குற எலும்பு டாக்டர் பண்ண பயிற்சி இது, படி விளிம்புல நுனிக்கால்ல நின்னு குதிகாலை மெதுவா கீழ இறக்கணும், முட்டி நேரா 15 தடவை மூணு செட், மடக்கி மூணு செட், காலையும் சாயங்காலமும், 12 வாரம். லேசா வலிக்கும், நிறுத்திடாதீங்க. வலி எலும்புல ஒட்டுற இடத்துலயே இருந்தா மட்டும் படிக்குக் கீழ இறக்க வேணாம், தரையிலயே செய்யுங்க.

பின்னங்கால்ல யாரோ உதைச்ச மாதிரி டப்னு சத்தம் கேட்டு நுனிக்கால்ல நிக்க முடியலன்னா உடற்பயிற்சியெல்லாம் கிடையாது, அன்னிக்கே ஆர்த்தோ டாக்டர். சிப்ரோஃப்ளாக்சசின்ங்குற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுறப்போ இந்த வலி வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த வகை மாத்திரைக்கு டெண்டான் கிழியலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008லயே பெட்டி கட்டி எச்சரிக்கை போட வெச்சிருக்கு.

வேளச்சேரிக்காரர் வீடு லிஃப்ட் இருக்குற அபார்ட்மென்ட், படியே ஏறுறதில்லையாம். ரெண்டாவது மாடி படிக்கட்டுல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன், மூணு வாரம் கழிச்சு வர்றார்.