தீபாவளி வாரத்தில் வேண்டாம் இந்த அஜைல்

பல கிளைகள் கொண்ட ஒரு ஜவுளி நிறுவனம், புதிய பில்லிங் மென்பொருளைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் நிறுவியது. பார்கோடை ஸ்கேன் செய்தாலும் விலை வராமல் வரிசை வாசல்வரை நீண்ட பிறகு, "அஜைல் முறையில்தானே செய்தோம்?" என்று என்னிடம் கேட்டார்கள். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பயன்படுத்துபவர்களிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் மென்பொருள் உருவாக்க முறைதான் அஜைல். ஏறக்குறைய ஒவ்வொரு பண்டிகைக்கும் இப்படி ஓர் அழைப்பு வருவதால்தான் இதை எழுதுகிறேன். தலைமை அலுவலகச் சுவரில் வண்ணச் சீட்டுகள் இருந்தன, காலையில் நின்றபடி கூட்டம் நடந்தது, ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றும் இருந்தது. கல்லாவில் உட்காருபவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

அஜைல் என்றால் வேகம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்னும் மலை விடுதியில் கூடிய 17 பேர் எழுதிய அஜைல் அறிக்கை, மாற்றத்துக்கு ஏற்ப நடப்பதைத் திட்டத்துக்கு மேலாக மதித்தாலும், திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்றே சொல்கிறது. அதனுடன் வந்த 12 கோட்பாடுகளில் ஒன்று, காலவரையறையின்றித் தொடரக்கூடிய சீரான நடையில் வேலை செய்யச் சொல்கிறது. இரவு இரண்டு மணிவரை ஊழியர்களை உட்காரவைத்து, மறுநாள் காலையில் எல்லாக் கிளைகளையும் மாற்றுவது இவற்றில் எதிலும் இல்லை. சிறிதாகச் செய்யச் சொல்வது, தவறு சிறிதாக இருக்கும்போதே தெரியவேண்டும் என்பதற்காக. ஒரு கிளையில், ஒரு கவுன்ட்டரில் புதிய முறையை வைத்து, பக்கத்திலேயே பழைய கவுன்ட்டரை ஓடவிட்டால், கடையடைக்கும் நேரத்துக்குள் குறைகளில் பாதி தெரிந்துவிடும். இதற்கு வேகம் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

ஆடை விற்பனை நிறுவனமான ஜாராவைப் பார்க்கவில்லையா என்று முதலாளிகள் கேட்பார்கள். அதன் கடைகளுக்கு வாரம் இரண்டு முறை புதுச் சரக்கு வருவது உண்மைதான். ஆனால் சிறிய அளவில் தைப்பதும், எது விற்கிறது, எது கிடக்கிறது என்று கடை மேலாளர் சொல்வது ஸ்பெயினின் அர்தெய்ஷோவில் உள்ள வடிவமைப்பாளர்களின் காதுக்குப் போவதும்தான் அதைச் சாத்தியமாக்குகின்றன. நம் கிளை மேலாளர் சொல்வது எந்த மாடிவரை போகிறது? (இன்று மென்பொருள்காரர்களிடம் நாம் காசு கொடுத்துக் கற்கும் கான்பான் முறையே, அதாவது தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வேலையை எடுக்கும் முறையே, வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் வழக்கத்திலிருந்து டொயோட்டாவின் தைச்சி ஓனோ எடுத்துக்கொண்டது.)

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறப்பதன் விலையை அறிய அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட்டின் கனடா முயற்சியைப் பாருங்கள். 2013இல் தொடங்கி மளமளவென 133 கடைகளை எட்டியது. சரக்குத் தரவுகளில் பிழைகள் மலிந்து, கிடங்குகள் நிரம்பி வழிய, கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2015 ஜனவரியில் கனடாவை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது.

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் வாரங்களில் பில்லிங்கில் கை வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதுபோல், தேதியை அரசே குறிக்கும் மாற்றங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கும் முந்தைய இரவே ஒரு கிளையில் சோதனை பில் போட்டுப் பாருங்கள். காலைக் கூட்டத்தை ஷட்டர் தூக்குவதற்கு முன், கடைத்தளத்திலேயே, 15 நிமிடத்துக்குள் முடியுங்கள். கிளையிலிருந்து ஒருவர் இல்லாத திட்டக் கூட்டத்தைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள்.

மற்றொன்றைக் கட்டளையாக அல்லாமல், வேண்டுகோளாகவே வைக்கிறேன். சோதனை நடக்கும் கவுன்ட்டரில் பில் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அதற்காக அந்த ஊழியரின் ஊக்கத்தொகையைப் பிடிக்காதீர்கள். பிடித்தால், அடுத்த முறை மென்பொருள் தகராறு செய்யும்போது அவர் உங்களிடம் சொல்லாமல் பழைய பில் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கிவிடுவார், மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதுதான் உங்களுக்கு அது தெரியவரும்.