கேசினோ யாரைக் கண்டு பயப்படுகிறது?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வாத்யாரே, பசங்களோட கோவா போறோம். மாண்டோவி ஆத்துல நிக்கிற கப்பல் கேசினோவுல ரூலெட் ஆடலாம்னு ஐடியா. சிவப்புல நூறு கட்டுறது, தோத்தா இருநூறு, அதுவும் போச்சுன்னா நானூறு. என்னிக்கின்னாலும் ஒரு தபா சிவப்பு வந்துதானே ஆவணும்? போட்டது பூரா திரும்பி, மேல நூறு லாபம். இதுல இன்னா ஓட்டை?"

இந்த வித்தைக்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இதை நம்பிப் பணத்தை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று கட்டுகிற ஆட்டம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, பச்சையில் ஒரு பூஜ்யம். சிவப்பில் கட்டினால் தோற்பதற்கு 37-இல் 19 வாய்ப்பு. நூறில் தொடங்கி ஜெயிக்கும்வரை இரட்டிப்பாக்குவதை ஒரு முயற்சி என்று வைத்துக்கொண்டால், தொடர்ந்து பத்து முறை தோற்பது, சராசரியாக 784 முயற்சிகளில் ஒரு முறை நடக்கும். அபூர்வம்தான். ஆனால் அந்த ஒரு முறை கையை விட்டுப் போவது 1,02,300 ரூபாய். மற்ற 783 முயற்சிகளில் நூறு நூறாகச் சேர்த்ததோ 78,300. சரி, விடாமல் பதினோராவது தடவை கட்டலாம் என்றால் 1,02,400 வேண்டும். பணம் இருந்தாலும் பெரும்பாலும் மேசை வாங்காது. பந்தயத்துக்கு உச்சவரம்பு உண்டு.

"வந்துதானே ஆவணும்" என்பதற்கும் பதில் இருக்கிறது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ கேசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிமேல் சிவப்புதான் என்று கொட்டியவர்கள் மொட்டையானார்கள். முன்பு எங்கே விழுந்தோம் என்பது பந்துக்குத் தெரியாது. பல கேசினோக்கள் ரூலெட் பக்கத்திலேயே முந்தைய எண்களைக் காட்டும் போர்டு வைத்திருக்கின்றன. உபயோகமான தகவலாக இருந்தால் இலவசமாகக் காட்டுவார்களா? 2003-இல் லாட்டரியைத் தமிழக அரசு தடை செய்த பிறகும் மூணு நம்பர் எழுதுகிற நம்மூர் ஆட்கள், "ஏழு வந்து நாளாச்சு" என்று கணக்குப் போடுவது இதே கதைதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவைக் கடைசிப் பாடமாக வைத்தால், பரீட்சை அவசரத்தில் அதை யார் ஒழுங்காக நடத்துவார்கள்?

சீட்டுக்கட்டு விஷயம் வேறு. எனக்குப் பிடித்த இடமும் இதுதான். கட்டில் நாலு ஏஸ். நாலும் வெளியே வந்துவிட்டால், மறுபடி கலைத்துப் போடும்வரை இன்னொரு ஏஸ் வராது. வந்தால் போலீஸைக் கூப்பிட வேண்டும். பிளாக்ஜாக் என்பது சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்குகிற ஆட்டம். அதில் ஆடி முடித்த சீட்டைக் கட்டில் செருகாமல் ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆகவே, போனதைக் கவனித்தவருக்கு மிச்சம் எப்படி என்று தெரியும். சின்னச் சீட்டுகள் நிறையப் போயிருந்தால் மிச்சத்தில் பத்தும் ஏஸும் அதிகம். சீட்டுப் போடும் கேசினோ ஆளிடம் கூட்டுத்தொகை 16 இருந்தால் இன்னொரு சீட்டு எடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. அங்கே ஒரு பத்து வந்தால் 21-ஐத் தாண்டி அவர் அவுட். இதை வைத்துக் கேசினோவை ஜெயிக்கலாம் என்று எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962-இல் புத்தகமே போட்டார். இப்போது பரவலாக இருக்கும் முறை எளிது. 2 முதல் 6 வரை எது வந்தாலும் மனதுக்குள் ஒன்று கூட்ட வேண்டும். பத்து, ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9-ஐ விட்டுவிடலாம். எண்ணிக்கை ஏறினால் பந்தயத்தையும் ஏற்ற வேண்டும்.

கூரையிலிருக்கும் கேமரா தேடுவது இப்படிச் சீட்டை எண்ணுகிறவரைத்தான். பந்தயம் ஏறுவதும் எண்ணிக்கை ஏறுவதும் ஒத்துப்போனால் மேலாளர் வந்து தோளைத் தட்டுவார். மனக்கணக்கு குற்றமில்லை, ஆனாலும் லாஸ் வேகாஸில், "பிளாக்ஜாக் வேண்டாம் சார், மற்றது எதுவும் ஆடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். மற்றது என்பதில் நம் வாசகரின் ரூலெட்டும் சேர்த்தி.

நியூ ஜெர்சியில் கென் உஸ்டன் என்ற ஆட்டக்காரர் கோர்ட்டுக்குப் போனார். சீட்டை எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோ தன்னிஷ்டத்துக்கு ஒருவரை வெளியேற்ற முடியாது என்று 1982-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேசினோக்கள் அசரவில்லை. எட்டுக் கட்டை ஒன்றாகக் கலந்தார்கள். அது தீருவதற்குள் மறுபடி கலைத்துப் போட்டார்கள். அதுவரை எண்ணியது அத்தனையும் வீண்.