லேபிள்: துணிப்பட்டை முதல் பாட்டுக் கம்பெனி வரை

திருப்பூரில் லேபிள் என்றால் யாருக்கும் பாட்டு ஞாபகம் வராது. பனியனின் கழுத்துக்குப் பின்னால் உள்பக்கமாக வைத்துத் தைக்கும் சின்னத் துணிப்பட்டைதான் அங்கே லேபிள். பிராண்டின் பெயர் நெய்த மெயின் லேபிள், அதன் கீழே சைஸ் லேபிள், பக்கத் தையலில் எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் வாஷ்கேர் லேபிள். அதே ஊர்க்காரர் செய்தியில் ‘பாப் பாடகி சொந்த லேபிள் வைத்திருக்கிறார்’ என்று படிக்கும்போது, சொல் ஒன்று, பொருள் வேறு. அங்கே லேபிள் என்பது பாட்டைப் பதிவு செய்து, வெளியிட்டு, விற்று, அதன் உரிமையையும் கையில் வைத்திருக்கும் நிறுவனம்.

சொல் பிறந்தது துணியில்தான். பழைய பிரெஞ்சு மொழியில் அதற்கு நாடா, துணிக்கீற்று என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபின் பத்திரத்தில் முத்திரையைத் தொங்கவிடும் பட்டையையும் அப்படியே அழைத்தார்கள். அப்புறம் புட்டியிலும் பெட்டியிலும் ஒட்டும் சீட்டுக்கு அந்தப் பெயர் போனது. இசைத்தட்டு வந்ததும் தட்டின் நடுவில் இருக்கும் வட்டக் காகிதம் லேபிள் ஆனது. அந்தக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டுவதில்லை. தட்டுக்கான கலவை சூடாக அச்சில் அழுந்தும்போதே இரண்டு பக்கமும் காகிதத்தை வைத்து அழுத்திவிடுவார்கள், அது தட்டோடு ஒன்றாகிவிடும். பாட்டு, பாடியவர், தட்டு எண் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் முதலில் கண்ணில் படுவது கம்பெனியின் சின்னம். ஹெச்.எம்.வி. தட்டில் கிராமபோன் குழாய்க்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாயைப் பார்த்தால் போதும், எழுத்துத் தெரியாதவர்கூட இன்ன கம்பெனிப் பிளேட் என்று சொல்லிவிடலாம். காகிதத்தின் பெயர் கம்பெனிக்கே ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இது ஆகுபெயர். ‘வீட்டுக்கு வெள்ளை அடித்தோம்’ என்று சுண்ணாம்பை நிறத்தின் பெயரால் சொல்கிறோமே, அதே வழிதான்.

கம்பெனி என்பது லத்தீன் வேரில் ‘சேர்ந்து ரொட்டி உண்பவர்கள்’ என்ற பொருள் கொண்டது. கொங்கு நாட்டில் அதைத் தமிழ்ச்சொல்லாகவே புழங்குகிறோம், பனியன் கம்பெனிக்குப் போகிறவர் ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் மேலே விளக்கம் வேண்டியதில்லை. சினிமாவுக்கும் அதே பெயர்தான் நிலைத்தது: படக்கம்பெனி. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் என்று இந்தப் பக்கமே படம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. கோவை ராமநாதபுரத்துக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் தொடங்கிய தேவர் பிலிம்ஸின் முதல் படம் 1956-ல் வந்தது. படத்தின் முதல் காட்சிக்கு முன் திரையில் வரும் பெயரை ‘பேனர்’ என்பார்கள். அது கொடி என்ற பொருளில் பிறந்த சொல்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பாடுகிறவருக்கு எதற்குச் சொந்தக் கம்பெனி?

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் வந்த நந்தனார் படத்தில் நடித்துப் பாட ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். அன்றைக்கு அது நாடே பேசிய தொகை. அவ்வளவு பெரிய தொகை என்றாலும் அது வேலைக்கான கூலிதான், படமோ தயாரித்தவருடையது. இன்றைய சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் ஆக்கியோன் யார் என்றால், தயாரிப்பாளர். வெளியானதிலிருந்து 60 ஆண்டு அந்த உரிமை நிற்கும். 2012-ல் வந்த திருத்தம்தான் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோரின் ராயல்டி பங்குக்கு வழி செய்தது. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து அடுத்தவர் பிராண்டுக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுக்கும் சொந்த பிராண்ட் வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். தையல் எவ்வளவு நேர்த்தியானாலும் கழுத்தில் இருப்பது யார் லேபிளோ, சரக்கு அவர் பெயரில்தான் விற்கும்.

அமெரிக்கப் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டுக்கு நடந்ததைப் பாருங்கள். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவுகள் பழைய கம்பெனியிடம் இருந்தன. 2019-ல் கம்பெனி கைமாறியபோது பதிவுகளும் சேர்ந்து கைமாறின. 2021-க்கும் 2023-க்கும் இடையே நான்கு ஆல்பங்களை முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். 2025-ல்தான் அந்த மூலப்பதிவுகளை விலை கொடுத்து வாங்கினார். தன் குரலைத் தானே காசு கொடுத்து மீட்க வேண்டியிருக்கிறது என்றால், சொந்த லேபிள் ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு அமெரிக்கப் பாடகியான பியான்சே இந்த வழியில் முன்னமே போனவர். ஹூஸ்டனில் அவர் வளர்ந்த தெருவின் பெயரைத்தான் பார்க்வுட் என்று தன் நிறுவனத்துக்கு வைத்தார். இசை, படம், கச்சேரி, நிர்வாகம் எல்லாம் அதன் கீழ் வரும். 2023-ல் வந்த அவருடைய கச்சேரிப் படம் பெரிய ஸ்டுடியோ எதன் வழியாகவும் போகாமல் ஏஎம்சி தியேட்டர் குழுமத்தின் வழியாக நேரே திரைக்குப் போனது. அதற்காக எல்லாமே தனியாக நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அவர் ஆல்பங்களில் பார்க்வுட்டோடு கொலம்பியா என்ற பெரிய இசைக் கம்பெனியின் பெயரும் இருக்கும். ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கப் பெரிய கம்பெனியின் கை இன்னும் வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் கோவைக்காரரான ஹிப்ஹாப் தமிழா ஆதி. 2024-ல் ‘கடைசி உலகப் போர்’ படத்தை எழுதி, இயக்கி, இசையமைத்து, நடித்து, சொந்த நிறுவனத்திலேயே தயாரித்தார். அதற்கு முந்தைய ஆண்டு இசைத் தொழில்முனைவு பற்றி ஆய்வு செய்து பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கியிருந்தார். தொழிலைப் படித்துக்கொண்டே தொழிலில் இறங்கியவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? லேபிளை ‘ஒட்டுச்சீட்டு’ என்றால் ஊறுகாய்ப் புட்டிக்குச் சரி, பாட்டுக் கம்பெனிக்கு ஆகாது. ‘இசைத்தட்டு நிறுவனம்’ நல்ல சொல்தான், தட்டே இல்லாத இந்தக் காலத்தில் கொஞ்சம் இடறுகிறது. புத்தகம் போடுகிறவர்கள் நமக்கு வெளியீட்டகம் என்ற சொல்லைத் தந்திருக்கிறார்கள். அதை எடுத்து ‘இசை வெளியீட்டகம்’ என்றால் வேலையும் உரிமையும் இரண்டும் உள்ளே வந்துவிடுகின்றன. என் ஓட்டு அதற்குத்தான். படத்துக்குப் பட நிறுவனம் போதும். ‘தயாரிப்பு’ உருது வழி வந்த ‘தயார்’ என்ற சொல்லிலிருந்து கிளைத்தது என்றாலும், இவ்வளவு வேரூன்றியதைப் பிடுங்க வேண்டியதில்லை. நட்சத்திரமே முதலாளி என்பதைச் சொல்ல நம்மிடம் பழைய சொல் தயாராக இருக்கிறது: சொந்தப் படம். ‘சொந்தப் படம் எடுத்து நொடித்துப் போனார்’ என்று பேசிப் பேசி அதில் கொஞ்சம் பயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை வேண்டும். படத்தில் புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவர். பாப் இசையில் மியூசிக் புரொடியூசர் என்றால் பெரும்பாலும் தாளம் அமைத்து, ஓசைகளை அடுக்கி, பாட்டுக்கு உருவம் கொடுக்கிறவர். பணம் அவருடையதாக இருக்க வேண்டியதில்லை. இருவரையும் தயாரிப்பாளர் என்றே எழுதினால் படிப்பவர் குழம்புவார். பாட்டுக்கு உருவம் கொடுக்கிறவரை இசைக்கோப்பாளர் என்று எழுதிவிடலாம், தயாரிப்பாளர் என்ற சொல்லைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கே விட்டுவிடலாம்.