விலை பேசும் முன் பின்சீட்டில் கால் மணி நேரம்

"ஏனுங்ணா, டிசையர், ஆரா, அமேஸ், டிகோர்னு நாலையும் பாத்தாச்சு. எதுல உள்வேலை நல்லாருக்குங்க?"

பெருந்துறையிலிருந்து வந்த தம்பி கேட்டார். நாலுமே செடான், அதாவது பின்னால் தனி டிக்கி வைத்த சின்ன கார்கள். 2025 செப்டம்பரில் சின்ன வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதிலிருந்து, கோவையில் இருக்கும் என் சீட் பட்டறை வாசலில் வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். வண்டி எடுத்த பிறகு வந்து சீட் கவர் கேட்பவர்கள்தான் அதிகம். எடுப்பதற்கு முன்னால் வந்து கேட்டதற்காகவே இந்தத் தம்பிக்கு டீ சொன்னேன். கையில் போன், எந்த வண்டியில் ஸ்கிரீன் எத்தனை இஞ்ச், எதில் எத்தனை ஸ்பீக்கர் என்று எல்லாம் குறித்து வைத்திருந்தார். கூட வந்த அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, எங்கள் பேச்சைக் கண்டுகொள்ளவே இல்லை. தைப்பதற்காகக் கழற்றி வெளியே போட்டிருந்த ஒரு பின்சீட்டில், செருப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இதுல தொடை நிக்க மாட்டீங்குது கண்ணு" என்றார் பேரனிடம்.

எனக்குப் பாதி வேலை குறைந்தது.

ஏன் பின்சீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றால், இந்த வகை வண்டி பிறந்த கதை அப்படி. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இஞ்சினும் இருக்கும் வண்டிகளுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். டிக்கி வைத்த வண்டியையும் அந்த அளவுக்குள் நுழைக்க ஆரம்பித்தார்கள். 2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் வந்தது. அதே வருஷம் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4160 மிமீ நீளம். 2012-ல் புது டிசையர் வந்தபோது 3995 மிமீ. வாலை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். இன்றைக்கும் டிசையர், ஆரா, அமேஸ் மூன்றும் 3995 மிமீ, டிகோர் 3993. நாலு மீட்டருக்கு அரைச் சாண் கூடினாலும் வரி ஏறிவிடும்.

டிசையரின் டேஷ்போர்டு அமைப்பு அதே கம்பெனியின் ஹேட்ச்பேக்கான (தனி டிக்கி நீட்டாத வண்டி) ஸ்விஃப்டில் இருப்பது. ஆராவுடையது ஐ10 நியோஸில் இருப்பது. டிகோருடையது டியாகோவில் இருப்பது. அமேஸுக்கு மட்டும் இன்று அப்படியொரு சின்னத் தம்பி இங்கே இல்லை. முன்பு பிரியோ இருந்தது. ஆக, ஹேட்ச்பேக்கை விட்டுவிட்டு செடான் எடுப்பவர் கூடக் கொடுக்கிற பணம் முழுக்க பின்சீட்டுக்கும் டிக்கிக்கும்தான் போகிறது. ஷோரூமுக்குப் போனவுடன் எல்லோரும் டிரைவர் சீட்டில் ஏறி ஸ்கிரீனைத் தட்டுகிறார்கள். காசு கொடுத்த இடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

சரி, எப்படி உட்காருவது? முதலில் முன்சீட்டை உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவரின் உயரத்துக்குத் தள்ளி வையுங்கள். ஷோரூமில் அது எப்போதும் முன்னால் இழுத்தே நிற்கும், பின்னால் இடம் தாராளமாகத் தெரியட்டும் என்று. பிறகு அதன் பின்னால் ஏறுங்கள். வேட்டி கட்டியவர், சேலை கட்டியவர், முழங்கால் வலிக்காரர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப்போய் நாலு தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் தொடைக்கு அடியில் கையை விடுங்கள். உள்ளங்கை முழுசும் காற்றில் தொங்கினால், சென்னைக்கு 500 கிலோமீட்டர் போகும்போது மொத்தப் பாரமும் இடுப்பில் இறங்கும் என்று அர்த்தம். மேலே தலை கூரைத் துணியைத் தொடுகிறதா, ஹெட்ரெஸ்ட் தனியாக ஏறி இறங்குகிறதா அல்லது சீட்டோடு சேர்ந்த கட்டையா என்று பாருங்கள். நடுவில் ஒருவரை உட்காரவைத்து அவர் கால் எங்கே போகிறது என்றும் பாருங்கள். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் உள்ள தூரம், மூன்று வண்டிக்கு 2450 மிமீ, அமேஸுக்கு 2470. பெரிய வித்தியாசம் இல்லை. அகலத்தில்தான் இருக்கிறது. இப்போதைய டிசையர் 1735 மிமீ, அமேஸ் 1733. ஆரா 1680, டிகோர் 1677. வெளியளவு என்றாலும், மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உட்காரும்போது அந்த மூன்று விரல் அகலம் தெரியும்.

இதெல்லாம் முடிந்தும் இறங்காதீர்கள். கால் மணி நேரம் அப்படியே இருங்கள். விற்பனைப் பையன் நெளிவான், பரவாயில்லை.

கால் மணி நேரக் கணக்கு ஃபோமுக்காக. நான் தொழில் படித்தது கரூரில், பஸ் பாடி கட்டும் இடத்தில். அங்கே மேஸ்திரி முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: உட்கார்ந்ததும் மெத்தென்று உள்வாங்கும் ஸ்பாஞ்சை நம்பாதே, பத்து நிமிஷம் கழித்து அது எங்கே நிற்கிறது என்று பார். கம்பெனி சீட்டின் உறையைப் பிரித்தால் உள்ளே ஒரே அச்சில் வார்த்த ஃபோம் இருக்கும், ஓரங்களில் கம்பி பதித்து. உறையை இழுத்து அந்தக் கம்பியில் சின்ன வளையங்களால் கவ்வியிருப்பார்கள். நல்ல ஃபோமை உள்ளங்கையால் அமுக்கி எடுத்தால் கைத்தடம் உடனே மறையும். ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்ஸி சீட்டைப் பிரிக்கும்போது நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; டிரைவர் ஏறி இறங்கத் தேய்க்கும் வலது ஓரம் மட்டும் மஞ்சள் தூளாக உதிர்ந்து மடியில் கொட்டும். அதனால் எந்த வண்டியானாலும் டிரைவர் சீட்டின் வலது ஓரத்தை முஷ்டியால் ஒரு குத்து குத்திப் பார்ப்பேன். உள்ளே இரும்புச் சட்டம் உடனே கையில் தட்டினால் அந்த இடத்தில் ஃபோம் மெல்லிசு. மூன்று வருஷத்தில் என்னிடம் வரும்.

புது வண்டியில் தெரியாத மீதியெல்லாம் பழைய வண்டியில் தெரியும். நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடலில் நாலு வருஷம் ஓடிய டாக்ஸி ஒன்றைப் பிடித்து, காந்திபுரத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும் போய் வாருங்கள். அந்தக் காசுக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. ஏசி வென்ட்டின் தகடு உடைந்து தீக்குச்சி செருகியிருக்கிறதா, சன் வைசர் நிற்காமல் விழுகிறதா, டோர் பேடில் (கதவின் உள்பக்கப் பலகை) கைவைக்கும் இடம் உரிந்திருக்கிறதா, கூரைத் துணி பின்கண்ணாடிப் பக்கம் தொப்பை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துணிக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் ஒன்று ஒட்டியிருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து அது மாவாகிவிடும், பிறகு துணி தொங்கும். இப்போதைய டிசையரும் அமேஸும் 2024 கடைசியில் வந்தவை, இவற்றில் நாலு வருஷ வண்டி கிடைக்காது. டாக்ஸியாகச் சீக்கிரம் நிறைய ஓடியதைத் தேடுங்கள்.

சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு ஓட்டம் வேண்டும். பாட்டை நிறுத்தி, ஏசி காற்றையும் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒட்டுப்போட்ட ரோட்டில் 20, 30-ல் மெதுவாகப் போங்கள். வேகத்தில் டயர் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். பின் கண்ணாடித் தட்டு, பெல்ட் கொக்கி தூணில் தட்டுவது, டேஷ்போர்டு கண்ணாடியைத் தொடும் ஓரம், இந்த மூன்று இடத்தில்தான் கிறீச் ஆரம்பிக்கும். டோர் பேட் ஆடுகிறது என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எங்கேயோ ஸ்பீக்கர் மாற்றியவர்கள். அந்தப் பேட் எட்டு பத்து பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கிறது. இழுத்துக் கழற்றும்போது நாலு உடையும். புதுசு போடாமல் மீதி ஆறிலேயே தட்டி மாட்டிவிட்டால் அதுவும் தாளம் போடத்தானே செய்யும்?

கடினமான பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை போகிறது. சொரசொரப்பு போட்ட சாதாரண கடின பிளாஸ்டிக் அதைப் பத்து வருஷம் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். தொட்டால் மெத்தென்று இருக்கட்டும் என்று மேலே ரப்பர் மாதிரி பூச்சு மட்டும் கொடுத்த பாகங்கள்தான் சில வருஷத்தில் பிசுபிசுத்துக் கையோடு வரும். கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புப் பட்டை இன்னும் மோசம். துடைக்கிற துணியே கோடு போட்டுவிடும். தட்டிப் பார்ப்பதைவிட, இரண்டு பாகம் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இடைவெளி ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒட்டியும் இருந்தால் அந்த வண்டி எனக்கு ஒரு படி கீழே. டேஷ்போர்டு பாலிஷ் மட்டும் தயவுசெய்து வேண்டாம். எண்ணெய்ப் பளபளப்பு முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசும், தூசியையும் பிடித்து வைக்கும்.

நிறம். பெய்ஜ் உள்ளே போட்டால் வண்டி பெரிதாகத் தெரியும், வெயிலுக்கும் கறுப்பைவிடச் சூடு குறைவு. ஆனால் திருப்பூர்க்காரர் ஒருவர் புது வண்டியை மூன்றே மாதத்தில் கொண்டுவந்தார். டிரைவர் சீட் முழுக்க நீலம். புது ஜீன்ஸ் சாயம் வேர்வையில் ஏறியிருந்தது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர் வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாயம், மஞ்சள், செம்மண் என்று எதிலாவது தினமும் புழங்குபவருக்கு பெய்ஜ் ஒத்துவராது.

நாலில் எது என்று கேட்டால் என் கணக்கு இது. பொருத்து வேலையில் அமேஸ் ஒரு படி முன்னே. பின்சீட்டுக்கு ஏசி வென்ட் இந்த மூன்றாம் தலைமுறையில்தான் வந்தது, அதுவரை அதை எதற்கு விட்டார்களோ. டிசையர் பின்னால் மூன்று பேருக்கு வசதி, பெய்ஜ்தான் பயம். ஆரா அகலத்தில் குறைவு. ஆனால் சுவிட்சும் லிவரும் தேயாமல் நிற்கின்றன, சின்னக் குடும்பத்துக்குப் போதும். டிகோர் 2017 அச்சு, உள்ளே வயசு தெரிகிறது. டிக்கி 419 லிட்டர், சிஎன்ஜி கேஸ் வண்டி எடுப்பவர்கள் ரெண்டு சின்ன சிலிண்டரைத் தரைக்கு அடியில் வைத்திருப்பதைப் பார்க்க வேண்டும். டிசையருக்கு டிக்கி 382 லிட்டர், அமேஸுக்கு 416, ஆராவுக்கு 402. பெட்டி அடுக்கிப் பார்க்காமல் இந்த எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக என் தொழிலுக்கே குறுக்கே நிற்கும் ஒரு விஷயம். இப்போதைய டிசையர், அமேஸ், ஆரா மூன்றிலும் அடிப்படை வேரியன்ட்டிலேயே ஆறு ஏர்பேக். அதில் இரண்டு முன்சீட்டுகளின் சாய்மானத்துக்குள், கதவுப் பக்க ஓரத்தில் மடிந்து கிடக்கின்றன. சீட் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னப் பட்டி தெரியும். பக்கவாட்டில் இடித்தால் அந்த ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் வெளியே வந்தாக வேண்டும். அதன் மேல் கெட்டி ரெக்சினைப் போட்டு இரட்டைத் தையல் அடித்துவிட்டால் அது எதைக் கிழிக்கும்? ஆரம்பத்தில் நானும் தெரியாமல் அப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் மகள், இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளை, "மாமா, இந்தப் பட்டிய ஏன் மூடிட்டீங்க?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. அன்றைக்கே பிரித்தேன். அதற்கு முன் தைத்துப் போனவர்களில் நம்பர் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு வரவழைத்தேன்; சிலர் வரவே இல்லை.

சீட்டுக்குள் ஏர்பேக் இருக்கும் வண்டிகளுக்கு ஓரம் திறந்த உறை, அல்லது அந்தத் தையல் மட்டும் எளிதில் அறும் நூலில் தைத்த உறை மட்டுமே போடுங்கள். தைத்துக்கொடுப்பவரிடம் அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் அடியில் இருக்கும் ஏர்பேக்கின் மஞ்சள் நிற இணைப்பை, சாவியை எடுத்து பேட்டரியையும் கழற்றாமல் யாரையும் தொடவிடாதீர்கள். காலடியில் போடும் கனமான மேட் விஷயத்திலும் கவனம்: ஆக்சிலேட்டருக்கு அடியில் மடிந்து ஏறாமல் இருக்க வேண்டும். ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இடது முன்பக்கக் கார்ப்பெட் ஊறும். மேலே மேட் இருப்பதால் நாற்றம் வரும்வரை தெரியாது.

பெருந்துறைத் தம்பி பத்து நாள் கழித்து அமேஸோடு வந்தார். அப்பாருவை நாலு ஷோரூமிலும் பின்னால் உட்காரவைத்தாராம். மூன்றாவதில் தாத்தா தூங்கிவிட்டாராம். சீட் கவர் என்ன விலை என்று கேட்டார். கம்பெனி துணியே நல்லா இருக்குங்க, ரெண்டு வருஷம் போகட்டும் என்றேன். அதற்குள் அப்பாரு தோளில் கிடந்த துண்டை எடுத்து, தலை சாயும் இடத்தில் விரித்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். தேங்காய் எண்ணெய்த் தலை.

"போலாம் கண்ணு, வெயில் ஏறுது."