பிடிப்பு விட்ட தோல்

2015 ஜூன் மாதம், ஜெர்மனியின் போஹும் (Bochum) என்ற நகரத்து மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் ஏழு வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்தார்கள். தீ எதுவும் படவில்லை. பிறந்ததிலிருந்தே லேசாக உரசினாலும் தோல் கொப்பளித்து உரிந்துவிடும், அப்படி ஒரு பரம்பரை நோய் அவனுக்கு. கிருமித்தொற்றும் சேர்ந்துகொள்ள, மேல்தோலில் 80 சதவீதம் போய்விட்டது. அப்பாவின் தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள், உடம்பு ஏற்கவில்லை.

நம் மேல்தோலைக் கீழ்த்தோலோடு பிடித்து வைப்பதில் முக்கியமானது லாமினின் 332 என்ற புரதம். மூன்று இழைகள் சேர்ந்த அந்தப் பசையில் ஓர் இழைக்கான மரபணு இவனுக்குப் பழுது. பசை இல்லாத சுவரொட்டி எத்தனை நாள் சுவரில் நிற்கும்?

இத்தாலியின் மோதெனா நகரில் விஞ்ஞானி மிகேலே தெ லூக்காவின் குழு, கொப்புளம் வராத இடத்திலிருந்து 4 சதுர செ.மீ. தோலை வாங்கி, அதன் செல்களுக்குள் ஒரு வைரஸ் மூலமாக நல்ல மரபணுவைச் செலுத்தி, அவற்றை மெல்லிய தாள்களாக வளர்த்தது. தோல் செல்லை இப்படித் தட்டில் பெருக்கும் வழியை 1975-லேயே ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2015 அக்டோபரில் அந்தத் தாள்களை மருத்துவர்கள் பையனுக்கு ஒட்டத் தொடங்கினார்கள், அடுத்த பிப்ரவரியில் பையன் வீட்டுக்குப் போனான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கப்புறம் தெரியவந்த விஷயம். வைரஸ் மரபணுவைச் செருகும் இடம் செல்லுக்குச் செல் மாறும், அது அப்படியே வாரிசு செல்களுக்கும் போகும், ஆக ஒவ்வொரு செல்லுக்கும் ஊர்ப்பெயர் மாதிரி ஓர் அடையாளம் கிடைத்துவிடுகிறது. ஒட்டியபோது ஏராளமான அடையாளங்கள். மாதங்கள் போகப்போகப் பெரும்பாலானவை மறைந்து, கொஞ்சம் மட்டுமே மிஞ்சின, முழுத்தோலும் அவற்றின் வாரிசாக இருந்தது! மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் புதுப்பித்துக்கொள்ளும், அந்த வேலையைக் காலம் முழுக்கச் செய்வது சில ஸ்டெம் செல்கள் (தானும் நீடித்து, புதுச் செல்களையும் தந்துகொண்டே இருக்கும் மூலச் செல்கள்)தான், மற்றவை கொஞ்ச நாள் உழைத்து உதிர்ந்துவிடுகின்றன. எல்லாச் செல்லும் சமமாகப் பங்கெடுக்கிறதா என்று பல வருடமாக நடந்த வாதத்துக்கு மனித உடம்பிலேயே கிடைத்த நேரடிச் சான்று இது.

வைரஸ் தப்பான இடத்தில் செருகினால் புற்றுநோய் வரலாம் என்ற பயம் நியாயமானது, வேறு மரபணு சிகிச்சைகளில் ரத்தப் புற்றுநோய் வந்தும் இருக்கிறது. இந்தப் பையனை ஐந்து வருடம் கழித்துப் பரிசோதித்தபோது கட்டி ஏதும் இல்லை, ஒட்டிய தோல் உறுதியாக நின்றது. அதனால் இந்த முறையில் தாள் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதைவிட, அதற்குள் அந்த நீடிக்கும் செல்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.